பாஸ்வேர்டு என் பொறுப்பு

மத்தியானத்துக்கு மேல் காபி குடித்தால் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். நீங்கள் குடியுங்கள், வக்கீல் சார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்களாம். ரவிக்குமார் உங்கள் அக்கா மகன். அவன் பக்கம்தான் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

வெளியே அவன் மேலும் கீழும் நடக்கிற சத்தம் கேட்கிறது. இன்று அக்டோபர் முப்பத்தொன்று. எங்கள் பார்ட்டிகளின் தணிக்கைக் கணக்கெல்லாம் இன்றைக்குள் வருமானவரி ஆபீசில் சேர வேண்டும். சேராவிட்டால் அவர்களுக்கு அபராதம். ஒவ்வொருவராக வேறு ஆடிட்டரிடம் போய்விடுவார்கள். ரவியின் அப்பா இந்த அக்ரஹாரத்தில் தொடங்கிய ஆபீசை ரவி இழுத்து மூட வேண்டியதுதான். கணக்குகள் எல்லாம் அதோ அந்த ஏ.சி. அறைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு என் ஒருத்திக்குத்தான் தெரியும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஏன் வக்கீலை எல்லாம் வரவழைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் அத்திம்பேர் காலத்திலிருந்து நான்தான் இங்கே கணக்குப் பார்க்கிறேன். ரவி அரை டவுசர் போட்டுக்கொண்டு என் மேஜையிலிருந்து குண்டூசி திருடிக்கொண்டு போனதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது பாதுகாப்பு என்றால் ஒரு பூட்டு. அதன் சாவி என் இடுப்பில் இருக்கும். பெரியவருக்கே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்.

போன வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு வியர்க்கக்கூடாதாம், ஏ.சி. போட்டார்கள். இத்தனை வருஷமாக எங்களுக்கு வியர்த்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டரோடு வினிதாவும் வந்தாள். ஹனூர்ப் பக்கத்துப் பெண், பத்து விரலாலும் அடிப்பாள். நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கடுகளவும் கோபம் இல்லை. இதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. எங்கள் பார்ட்டி ஜடையன் ஒருநாள் காலையில் வந்து கத்தினார். ஊதுவத்தி வியாபாரி. எதிர்க் கடைக்காரரும் எங்கள் பார்ட்டிதான், அவரும் ஊதுவத்திதான். ஜடையன் எவ்வளவு விற்றார், வாசனைத் தைலம் எங்கே வாங்குகிறார் என்பதெல்லாம் எதிர்க் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டதாம்.

"என் கணக்கு உங்க ஆபீஸ்ல மட்டும்தான் இருக்கு. அது எப்படிய்யா ரோட்டைத் தாண்டிப் போச்சு?" என்றார் ஜடையன்.

ரவிக்கு முகம் வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டர் விற்ற பசவராஜைக் கூப்பிட்டு அனுப்பினான். பசவராஜ் மொபெட்டில் கடலைக்காய் கொறித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். அந்தப் பொட்டலத்தை எங்கள் முன்னால் பிரித்துக் காட்டினான். உள்ளே எங்கள் பார்ட்டி ஒருவரின் லாப நஷ்டக் கணக்கு இருந்தது. நாங்கள் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டது, தெருமுனைக் கடலைக்காரனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வருஷம் அவருக்கு நஷ்டம். காகிதம் முழுக்க உப்பு.

பிறகு பசவராஜ் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். காகிதத்தை அப்படியே வெளியே போடக்கூடாது. கணக்கை ஃபிளாப்பியில் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். பாஸ்வேர்டு ஒரே ஒரு பொறுப்பான ஆளிடம் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான்.

"பாஸ்வேர்டு யாருக்கும் ஹேளபேடி, மேடம். ஓனர் கேட்டாலும் இல்ல. தேவுரு வந்து கேட்டாலும் இல்ல" என்றான்.

கடவுளே வந்து கேட்டாலும் சொல்லாதே என்கிறான். வேறு யார் காதிலும் அது ஏறவில்லை. ரவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

அன்றே ரவி வினிதாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான். கம்ப்யூட்டரைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதானே. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"நானெதுக்குங்கக்கா வெளிய சொல்றேன்? எனக்கு இந்த ஊர்ல ஆரைத் தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டாள்.

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தலையைத் தடவிவிட்டேன். நீங்கள் எப்படியும் கேட்கப்போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஜடையன் சமாசாரம் எதிர்க் கடைக்காரருக்குப் போனது என் வழியாகத்தான். அந்த எதிர்க் கடைக்காரர் மனைவி கமலம்மாள் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது என்னோடு சேர்ந்துகொள்வாள். ஒருநாள், "அந்த ஜடையன் யாவாரம் எல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். சந்நிதியில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியுமா? தெரிந்ததைச் சொன்னேன். தைலக்காரரின் விலாசம் அவள் கேட்காமல் நானாகச் சொன்னது. அதைக் கசிவு என்று சொல்ல முடியாது. கசிவு கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும், பசவராஜே அப்படித்தான் விளக்கினான். இரண்டு பெண்கள் கோயிலில் பேசிக்கொள்வதற்குப் பெயர் பேச்சு.

வினிதா அழும்போது இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் ரவி, "அக்கா, இனிமே பாஸ்வேர்டு உங்க பொறுப்பு, உங்கள விட்டா எனக்கு நம்பிக்கையான ஆள் யாரு" என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொன்ன பிறகு அவன் மனதை எப்படி நோகடிப்பது? வினிதாவை முன்னறையில் தபால்தலை ஒட்ட உட்காரவைத்தான். அவளும் நன்றாகத்தான் ஒட்டினாள்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். காலையில் நான்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். ரவியும்தான். முதலில் சிரித்தான், பிறகு போனான். வாரம் ஒரு காய்கறியின் பெயர் வைப்பேன், திங்கட்கிழமை மாற்றிவிடுவேன். திரையில் கணக்கு தெரியும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். வினிதா இல்லாததால் கணக்கை அடிக்க ஆள் இல்லை, எனக்கும் அடிக்கத் தெரியாது. ஆகவே அந்த நாட்களில் வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது. ஆனால் ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை. கம்ப்யூட்டர் அவ்வளவு பத்திரமாக இருந்தது.

காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீர் அண்டாவின் அடுப்பில் போட்டேன். பழைய கணக்கு, புதுக் கணக்கு, பில்லு, ரசீது எல்லாம்தான். எது ரகசியம், எது இல்லை என்று தீர்மானிக்க நான் யார்? பிறகு ரவி வந்து, "அக்கா, ஜடையனோட பர்ச்சேஸ் பில்லெல்லாம் எங்க?" என்று கேட்டபோது, "செவ்வாய்க்கிழமை குளிச்சாச்சு, தம்பி" என்றேன். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. நல்ல காகிதம், தண்ணீர் சீக்கிரம் கொதித்தது.

ஃபிளாப்பிகளும் என் வீட்டில்தான் இருந்தன. பீரோ கதவில் ஒட்டிவைத்திருந்தேன், கண்ணெதிரே இருந்தால் தொலையாது அல்லவா. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாம்பழம் மாதிரி ஒரு காந்தம் உண்டு, அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆயுத பூஜை வந்தது. ஊரே பஸ்ஸுக்கும் லாரிக்கும் சந்தனம் வைக்கும்போது கணக்கு இருக்கிற பொருளை விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு ஃபிளாப்பியின் தகர மூடியையும் நகர்த்தி, உள்ளே தெரிகிற கறுப்புத் தட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், இரண்டு பக்கமும். பசவராஜ் பிறகு வந்து பார்த்தான். ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டுக் கீழே வைத்தான். அவனும் பக்தியுள்ள பையன்தான்.

இவ்வளவு பத்திரப்படுத்திய பிறகு என்ன நடந்தது தெரியுமா? பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று கமலம்மாள் ஆபீசுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள். கொடுத்த கையோடு ரவியிடம், "உங்க அக்கா சொன்ன தைலக்காரர்கிட்டதான் இப்ப நாங்களும் வாங்குறோம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சில பேருக்கு எதை எங்கே பேசுவது என்றே தெரிவதில்லை.

ரவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராக முன்னறைக்குப் போய் வினிதாவிடம் மன்னிப்புக் கேட்டான். அதற்கப்புறம் என்னிடம் வந்தான்.

"அக்கா, பாஸ்வேர்ட வினிதாகிட்ட குடுத்துடுங்க. இனிமே அவ பாத்துப்பா. நீங்க முன்னால உக்காந்து, வர்றவங்களுக்குக் காபி சொல்லுங்க, போதும்" என்றான்.

எனக்கு வருத்தம் இல்லை. வயிறு கொஞ்சம் எரிந்தது, ஆனால் அது மைசூர்பாகாக இருக்கலாம். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன்னால் பூட்டை ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்தானே. மறுநாள் காலையில் வினிதா வந்து கேட்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருக்கிறது, எப்படிச் சொல்வது? ரவி கேட்டான். ஓனர் கேட்டாலும் கூடாது. சரி, நீங்களே அடித்துத் திறந்துவிடுங்கள் என்றார்கள். எப்படி அடிப்பது? நான் இப்போது பொறுப்பில் இல்லையே. பொறுப்பில் இல்லாதவர்கள் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் விதி. சட்டம் படித்தவர், நீங்களே சொல்லுங்கள், இதில் எங்கே தப்பு இருக்கிறது?

பசவராஜ் பெங்களூருக்கு ட்ரங்கால் போட்டான். மென்பொருள் செய்த கம்பெனிக்காரர்கள், பாஸ்வேர்டு இல்லாமல் எங்களாலேயே திறக்க முடியாது, அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று சொன்னார்களாம். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

அப்புறம் ஊகிக்க ஆரம்பித்தார்கள். நான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். காபி வேண்டுமென்றால் சொல்ல வேண்டும் அல்லவா. ஒவ்வொரு தப்புக்கும் கம்ப்யூட்டர் ஒரு தடவை கத்தும். முதலில் காய்கறிகள் எல்லாம் போட்டார்கள். பிறகு தெய்வங்கள். சாமுண்டி வந்தாள், ரங்கநாதர் வந்தார், மாதேஸ்வரன் மலையிலிருந்து மாதேஸ்வரன் வந்தார். என் பிள்ளைகள் பரத், அஷ்வினி பெயர்களைப் போட்டார்கள். பெரியவர் பெயரைப் போட்டபோது ரவி கும்பிட்டுவிட்டு அடித்தான். வினிதா வெட்கப்பட்டுக்கொண்டே தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். பசவராஜும், எதற்கும் இருக்கட்டும் என்று தன் பெயரைப் போட்டான். எந்த நம்பிக்கையில் போட்டானோ தெரியவில்லை.

ஒருநாள் ரவி அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"வினிதா, நாம முட்டாளுங்க. அக்கா வாயால சொல்லவே மாட்டாத பேரு ஒண்ணுதான் இருக்கு. அதான் இவ்ளோ பிடிவாதம். மாமா பேரு" என்றான்.

வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வதில்லை, அது ஊருக்கே தெரியும். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்வேன். ரவி உடனே அவர் வேலை பார்க்கிற ஃபாக்டரிக்கு ஆள் அனுப்பினான். அவரைக் கேட்காமலே அடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிற பையன்.

அவர் ஷிப்டை விட்டுவிட்டு, தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் என் ஆபீசுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றினார். "நானே அடிக்கறேன்" என்றார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் கத்தியது. இனிஷியலோடு அடித்தார், கத்தியது. கூப்பிடும் பெயர் ஒன்று சுருக்கமாக உண்டு, அதையும் அடித்தார். அதற்கும் கத்தியது. ஓட்டுப் போடப் போன இடத்தில் பட்டியலில் பெயர் இல்லாதவர் மாதிரி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"அப்ப அது யார் பேரு?"

"சொல்லக்கூடாது."

"ஆம்பளப் பேரா, பொம்பளப் பேரா, அதையாவது சொல்லு."

"அதுவும் கூடாது. ஊகிக்க வசதியாப் போயிடும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பால்காரன் பெயரை அடித்தார். எங்கள் வீதித் தபால்காரர் பெயரை அடித்தார். மாடியில் குடியிருக்கும் விஜய்குமாரிலிருந்து தன் சொந்த அக்கா புருஷன் வரை யாரையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அது கத்தும்போது அவருக்கு உயிர் திரும்பி வரும். உடனே அடுத்த பெயர் ஞாபகம் வந்துவிடும். நேற்று ராத்திரி சாப்பிடாமல் கொள்ளேகாலில் இருக்கிற அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். நல்ல மனிதர். சந்தேகம் வந்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி அவரை நிறுத்தியிருக்கலாம், ஆனால் அந்த வார்த்தைதான் பாஸ்வேர்டு.

இன்று காலையில் ரவி என் காலில் விழுந்தான். "அக்கா, அப்பா ஆரம்பிச்ச ஆபீஸ்க்கா" என்றான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தீர்க்காயுசாக இரு என்று ஆசீர்வாதம் பண்ணினேன். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் பண்ணினான்.

ஆக, ஒப்புக்கொள்ள வேண்டியதை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஜடையன் கணக்கை வெளியே சொன்னது நான். அந்தப் பழியில் வினிதாவை உட்காரவைத்தது நான். பில்லுகளை எரித்தது, ஃபிளாப்பிகளைக் கெடுத்தது, பாஸ்வேர்டைப் பூட்டியது எல்லாம் நான்தான். கேட்கும்போது பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் பாதுகாப்பு ஒன்றுதான் என் நோக்கம்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பெயரா?

என் பெயரையா கேட்கிறீர்கள்?

இல்லை, ஒன்றுமில்லை. தூசி விழுந்துவிட்டது. ஏ.சி. அறைக்குப் பக்கத்தில் இருந்தால் கண் இப்படித்தான் எரிகிறது. நீங்களும் இவ்வளவு நேரம் அம்மா, அம்மா என்றே ஓட்டிவிட்டீர்கள். பெரியவர் அம்மாடி என்பார். ரவி சம்பளக் கவர்மேலேயே அக்கா என்று எழுதிவிடுவான். பசவராஜுக்கு மேடம். என் வீட்டுக்காரர் இந்தா என்று கூப்பிடுவார், அதற்கே திரும்பிப் பழகிவிட்டது.

பாஸ்வேர்டைக் கேட்டால்தான் சொல்லக்கூடாது. பெயரைக் கேட்டால் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், சுலோசனா. எழுதிவிட்டீர்களா? அப்படியே ரவியைக் கூப்பிட்டு அதையே அடிக்கச் சொல்லுங்கள், திறந்துகொள்ளும். வினிதா வேகமாக அடிப்பாள். கடைசி நாளில் வருமானவரி ஆபீசில் ராத்திரி வரை வாங்குவார்கள், பயப்பட வேண்டாம்.

பசவராஜ் பாடம் நடத்திய அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான். சொந்தப் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள் மேடம், யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்கள் என்றான். சின்னப் பையன், அனுபவம் போதாது. இத்தனை நாளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். ஒவ்வொரு பெயராக அடிக்கும்போதும் நான் அந்த வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது உண்மைதான், வக்கீல் சார். ஆனால் அதுவும் பாதுகாப்புக்காகத்தான்.